மேடம் எஃபுவாவின் முகத்துக்கு வெளிச்சம் வைத்த கதை

பாத்திமா, யூசுப்,

இதைத் தமிழில் எழுதுகிறேன். யூசுப், உனக்கு வாசிக்கச் சிரமமாக இருக்கும்; அக்காவிடம் கேட்டுக்கொள். பர்மிய மொழியில் எழுதினால் உங்களுக்குச் சுலபம்தான். ஆனால் பர்மியக் காகிதத்தை யார் வேண்டுமானாலும் எடுத்து வாசித்துவிடலாம். தமிழ் வாசிக்கக்கூடியவர்கள் நம் தெருவில் யார் யார் என்று எனக்குத் தெரியும். அவர்களில் இருவரை நான் நம்புவதில்லை என்பது வேறு விஷயம்.

போன வாரம் பாத்திமா வேலை செய்யும் கல்யாண வீடியோக் கடையில் புதுக் கேமரா வாங்கினார்களாம். "இதுக்கு லைட்டே வேணாம் வாப்பா. இருட்டுலயும் முகம் தெரியுது. அந்த ஆப்பிரிக்கா மேடம் வந்தப்ப இது இருந்திருந்தா உங்களுக்கு அந்தக் கஷ்டமே வந்திருக்காதுல்ல" என்றாள். உடனே யூசுப் சொன்னான்: "வாப்பாவுக்குக் கஷ்டம் லைட்டால வரல. ஆளுங்களால வந்துச்சு. அதனாலதான் இன்னைக்கும் பால்காரன்கிட்டகூட ரெண்டு தடவை பேரைக் கேக்கறாரு."

உங்கள் உம்மா தான் துணி தைத்த பகுதியை மட்டும்தான் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். வேலையிலிருந்து நின்றாயிற்று, இனி என்னை யாரும் விசாரிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். முழுவதையும் எழுதுகிறேன்.

எண்பத்தெட்டில் ராணுவ ஆட்சியை எதிர்த்து ஊர்வலம் கிளம்பி ஊர் கலங்கியபோது நான் ரங்கூனில் அலோன் பகுதியில் மாமாவின் கடையில் இருந்தேன். கப்பல்காரர்களுக்குச் சாமான் கொடுக்கும் கடை. பள்ளிக்கூடம் ஏழாம் வகுப்போடு சரி. ஆங்கிலம் எனக்குக் கப்பல்காரர்களிடமிருந்து ஒட்டிக்கொண்டது. கலவரத்துக்குப் பிறகு கப்பல் வருவது குறைந்து கடை மூடியது. தெரிந்தவர் ஒருவர் சொல்லி, சினிமாவுக்கு விளக்கு கொடுக்கும் ஒரு கோஷ்டியில் கேபிள் தூக்கச் சேர்ந்தேன். முதலில் தூக்கினேன், பிறகு சுற்றினேன், பிறகு விளக்கு வைத்தேன். கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான்.

எங்கள் கோஷ்டியின் தலைவர் ஊ மியா. 'ஊ' என்றால் ஐயா, 'கோ' என்றால் அண்ணன் என்று உங்களுக்குத் தெரியும். ஒல்லியான மனிதர். வெயிலோ மழையோ, மடித்த குடை ஒன்று கையில் இருக்கும்; விரித்து நான் பார்த்ததில்லை. நடிகை நிற்கப்போகும் இடத்தில் போய் நின்று, தன் இடது உள்ளங்கையை முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார். கையில் நிழல் விழுந்தால் குடையால் ஒரு விளக்கைக் காட்டுவார். நாங்கள் அதைத் தள்ளி வைப்போம். வாயைத் திறந்து "தள்ளு" என்று அவர் சொன்னதில்லை. சொன்னால் பிறகு யாராவது "ஊ மியா சொன்னார்" என்பார்கள் அல்லவா? அதுதான் காரணம். டீக்கடையில் சுவருக்கு முதுகு கொடுத்துத்தான் உட்காருவார். எதைக் கேட்டாலும், யாருக்கும் கெடுதல் வராத ஒரு பதிலைச் சொல்வார். "நேற்று எங்கே படப்பிடிப்பு?" என்று கேட்டால் "வெளியில்" என்பார்.

வேலை நடக்கும் முறை இது. கதை முதலில் தணிக்கைக்குப் போகும். முத்திரை விழுந்து வந்த பிறகுதான் கேமரா வெளியே வரும். வெளிநாட்டார் படம் என்றால் தணிக்கையிலிருந்து ஓர் அதிகாரி கூடவே வருவார். காலையில் அன்றைய காட்சிகளை அவரிடம் வாசித்துக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகு ஊ மியா வேடிக்கை பார்க்கிற கூட்டத்தை ஒரு சுற்று பார்ப்பார். முந்தின நாள் வேறோர் இடத்தில் பார்த்த முகம் இங்கேயும் இருந்தால் குடையை இடது கைக்கு மாற்றிக்கொள்வார். அன்று முழுவதும் நாங்கள் வாய் திறக்க மாட்டோம்.

விளக்கு வைப்பதில் ஊ மியாவுக்கு ஒரே சட்டம். முகம் வெள்ளையாகத் தெரிய வேண்டும். நம் ஊர் நடிகைகள் தனகா மரப்பட்டையை அரைத்துப் பூசி, அதற்கு மேல் பவுடரும் போட்டு வருவார்கள். முன்னாலிருந்து வெள்ளித்தாள் பலகையால் வெயிலைத் திருப்பி முகத்தில் அடிப்போம். முகம் பௌர்ணமி நிலா மாதிரி வரும். மக்களுக்கும் அதுதான் பிடிக்கும். பத்து வருஷம் நான் நிலாவைத்தான் செய்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் மேடம் எஃபுவா வந்தார்.

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் கானா என்ற நாடு. ஐம்பதைத் தாண்டிய வயது. உயரம். தலையில் பெரிய துணிக்கட்டு. கூடக் கேமரா பிடிக்கிற குவேசி என்ற மனிதர்; ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். மேடம் தன் நாட்டில் பெரிய நடிகை, இப்போது படமும் எடுக்கிறார் என்று சொன்னார்கள். த்வாண்டேயில் பானை செய்வது, இன்சீன் வழியாகப் போகும் வட்ட ரயில், நகருக்கு வடக்கே போர்க் கல்லறைத் தோட்டம். இந்த மூன்றுக்கும் அனுமதி.

ஊ மியா என்னைத் தனியாக அழைத்தார். "உனக்குத்தான் இங்கிலீஷ் தெரியும். அந்தம்மா என்ன பேசறாங்கன்னு சாயங்காலம் எனக்குச் சொல்லு. பானைக்காக யாராவது அவ்வளவு தூரம் வருவாங்களா?"

மறுநாள் தணிக்கை அதிகாரி ஊ சோ என் தோளில் கைபோட்டார். எப்போதும் சிரித்த முகம், கையில் வெந்நீர்க் குடுவை. "கோ சலீம், உங்க தலைவர் அந்தம்மாகிட்ட என்ன பேசறார்னு கொஞ்சம் கவனிச்சுக்க" என்றார்.

படகில் த்வாண்டே போகும்போது மேடம் என்னிடம் கேட்டார்: "மிஸ்டர் சலீம், நீங்க யாருக்குத் தகவல் சொல்றீங்க?"

"எல்லாரும் எல்லாரையும் பத்திக் கேக்கறாங்க மேடம். நீங்க என்ன சாப்பிட்டீங்கன்னு சொல்லிடறேன்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "அப்போ நான் சாப்பிடறதைக் கவனமாச் சாப்பிடணும்" என்றார்.

உண்மையைச் சொன்னால், எனக்கும் அவர் மேல் சந்தேகம்தான். என் அடையாள அட்டை ஊ மியாவின் அட்டையைப் போல் இளஞ்சிவப்பு நிறம் இல்லை; அது முழுக் குடிமக்களுக்கு மட்டும். இந்த மாதிரி வேலையில் ஏதாவது கோளாறு என்றால் முதலில் யாருடைய அட்டையைக் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் அவர் பேசுவதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டே வந்தேன். அப்படித்தான் அவர் கதை எனக்குத் தெரிந்தது. ஒரே மூச்சில் சொல்லவில்லை. படகில் கொஞ்சம், சூளையடியில் கொஞ்சம், ரயிலில் கொஞ்சம்.

அவருடைய தகப்பனார் கொத்தனார். உலகப் போரில் ஆங்கிலேயர் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாவுக்கு வந்தார். வரும்போது மேடம் தாய் வயிற்றில். தகப்பனார் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அம்மா கடற்கரையில் மீனைப் புகைபோட்டு விற்று மகளை வளர்த்தார். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று படம் எடுக்க வந்தது. தலையில் குடத்தோடு கதாநாயகனுக்குப் பின்னால் நடந்து போகிற வேலை. "நான் மரம் மாதிரி. காட்சிக்கு அழகு" என்றார். அதற்குப் பிறகு வேலைக்காரி, பேய் பிடித்த பெண், யாருடைய தாயோ. லண்டன் வரை போய் நடித்தார். கடைசியில் சொந்த நாட்டில் ஒரு படத்தில் கதாநாயகி ஆனார். அம்மா தன்னோடு மீன் விற்கிற பெண்களையெல்லாம் கொட்டகைக்கு அழைத்துப்போனார். திரும்பி வந்து மகளிடம் சொன்னாராம்: "உன் குரல் கேட்டுது. பல்லு தெரிஞ்சுது, கண்ணு தெரிஞ்சுது. உன்னைத்தான் காணல."

கூட நடித்த வெள்ளைக்காரனுக்கு வைத்த வெளிச்சத்தில் இவரை நிற்க வைத்திருக்கிறார்கள். கேமராவுக்குப் பின்னால் போக வேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியதாம். முதல் படத்தை அம்மாவின் புகைக் குடிசையிலேயே எடுத்தார். அது கொட்டகைக்கு வருவதற்குள் அம்மா இறந்துபோனார்.

இப்போது எடுப்பது அம்மாவைப் பற்றிய படம். அம்மா வேடத்தில் மேடமே நடிக்கிறார். கடைசிக் காட்சிக்குத்தான் ரங்கூன் வந்திருக்கிறார். போர்க் கல்லறைத் தோட்டத்தில், உடல் கிடைக்காதவர்களின் பெயர்களைத் தூண்களில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதில் தகப்பனார் பெயர் இருக்கிறது. அம்மா வரவே முடியாத அந்த இடத்துக்கு, அம்மாவாக வந்து நிற்க வேண்டும். அந்த முகம் தெரிய வேண்டும். பானையும் ரயிலும் அனுமதிக்காகச் சேர்த்தவை.

இதை நான் ஊ மியாவிடமும் சொல்லவில்லை, ஊ சோவிடமும் சொல்லவில்லை. மேடம் மீன் குழம்பு சாப்பிட்டார் என்று சொன்னேன்.

த்வாண்டேயில் எடுத்ததை இங்கேயே ஒரு லேபில் கழுவிப் போட்டுப் பார்த்தோம். கறுப்பு வெள்ளைப் படம். பானைகள் அருமையாக இருந்தன. கால்வாய்த் தண்ணீர் மின்னியது. மேடத்தின் தலைத்துணிக்குக் கீழே ஓர் ஓட்டை இருந்தது. நெற்றியில் மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டு, எங்கள் வெள்ளித்தாள் அடித்த இடம். அதைத் தவிர முகம் சாம்பல் பூசின மாதிரி. மேக்கப் பெண் வழக்கம்போல முகத்தின் பளபளப்பை அடக்கப் பவுடர் அப்பியிருந்தாள்.

மேடம் என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"என்னை அழிக்கச் சொல்லி உங்களுக்கு யார் சொன்னாங்க?"

எனக்குக் கோபம் வந்தது. "யாரும் சொல்லல மேடம். எல்லாருக்கும் வைக்கிற மாதிரிதான் வெச்சேன்."

"எல்லாருக்குமா? உங்களுக்கு வெச்சிருக்காங்களா?"

என் கல்யாணப் போட்டோவை நினைத்தேன். அதில் உங்கள் உம்மா இருக்கிறாள், ஒரு தொப்பி இருக்கிறது. தொப்பிக்குக் கீழே நான் இருக்கிறேன் என்று நாம்தான் நம்ப வேண்டும். அதைச் சொன்னேன். குவேசி சிரித்தார், அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். மேடம் சிரிக்கவில்லை. ஆனால் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"என் மேல வெளிச்சத்தை வீசாதீங்க. என் தோலுக்கு முன்னால பெருசா ஒரு வெள்ளையை வைங்க. அதை என் தோல் தானே காட்டும். பவுடர் வேணாம், எண்ணெய் போதும்."

வட்ட ரயிலில் அதைச் சோதித்துப் பார்த்தோம். எதிர் இருக்கையில் குவேசியின் வெள்ளைச் சட்டையை விரித்துப் பிடித்தேன். மேடத்தின் கன்ன எலும்பின் மேல் ஒரு வெளிச்சக் கோடு மெல்ல ஏறியது. மேடத்தின் முகத்துக்கு ஒரு வடிவம் இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஊ மியா தன் உள்ளங்கையைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார், குடையை மடியில் வைத்துக்கொண்டார்.

கல்லறைத் தோட்டத்துத் தூணுக்குச் சட்டை போதாது. தகப்பனார் பெயர் தூணின் நிழல் பக்கத்தில், அதுவும் கீழே இருந்தது. முட்டி போட்டால்தான் கண்ணுக்கு நேராக வரும். நல்ல அகலமான வெள்ளைத் துணி வேண்டும். கடைத்தெருவுக்குப் போய் மல் துணி கேட்டேன்; நம்மவர் இறந்தால் உடலுக்குச் சுற்றும் துணியும் அதுதான். கடைக்காரர் நம் ஆள். துணியை அளக்காமல் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாரு மவுத்து?"

"யாரும் இல்ல பாய். சினிமாவுக்கு."

"சினிமாவுல யாரு மவுத்து?"

வீட்டில் உங்கள் உம்மாவும் அதையேதான் கேட்டாள். தைத்து முடிக்கிற வரை முகத்தை மூன்று முழம் நீட்டி வைத்திருந்தாள். "கஃபன் துணிய வாங்கியாந்து, ஒரு பொம்பளை முகம் தெரியணும்னு தைக்கச் சொல்ற புருசனை நான் எங்கயும் கண்டதில்ல. அவ யாரு, வயசு என்ன, அதையும் சொல்லிடுங்க" என்றாள். வயதைச் சொன்னேன். அதற்குப் பிறகு தையல் கொஞ்சம் நேராக வந்தது.

கல்லறைத் தோட்டத்துக்கு மதியம் வரைதான் அனுமதி. காலையிலேயே போய்விட்டோம். பெரிய சாலை ஓரம். பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. உள்ளே வெட்டிவிட்ட புல், வரிசையாகத் தூண்கள். நான் துணியின் இரண்டு ஓரத்திலும் மூங்கில் கழி கோத்து, தூணுக்கு எதிரே நட்டு நிமிர்த்தினேன். வெயில் துணியில் விழுந்து, தூணின் நிழல் பக்கம் முழுவதும் பால் போல ஆனது. பெயர் தெரிந்தது. மேடம் தேங்காயெண்ணெய் தடவி, அம்மாவின் பழைய துணியைக் கட்டிக்கொண்டு வந்தார்.

பிள்ளைகளே, இரண்டு கழி, நடுவில் வெள்ளைத் துணி, பக்கத்தில் பெரிய சாலை. எண்பத்தெட்டைப் பார்த்த இந்த ஊரில் அது எப்படித் தெரியும்? எதிர்ப்பு ஊர்வலத்துப் பதாகையாகத்தான். விளக்குக்காரனுக்கு அது விளக்கு. அதனால் எங்களில் ஒருவருக்கும் அந்த நினைப்பே வரவில்லை. பஸ்ஸில் போனவர் சொன்னாரா, தோட்டக்காரர் சொன்னாரா, எங்களிலேயே ஒருவர் சொன்னாரா, இன்றுவரை தெரியாது. எனக்கு மூன்று பேர் மேல் சந்தேகம் இருக்கிறது. பெயரை எழுத மாட்டேன்.

இரண்டு மோட்டார் சைக்கிள்கள் வந்தன. சீருடை இல்லை; உளவுத் துறை ஆட்கள் என்று பார்த்ததும் தெரிந்தது. முன்னால் வந்தவர் நீலச் சட்டை போட்டிருந்தார். துணியை முன்னாலிருந்து பார்த்தார், பின்னால் போய்ப் பார்த்தார்.

"என்ன எழுதியிருக்கு?"

"ஒண்ணும் எழுதல ஐயா" என்றேன்.

"ஏன் எழுதல?"

அவர் துணியை விரலால் தட்டிப் பார்த்தார்.

"இனிமேல் என்ன எழுதறதா இருக்கீங்க?"

என் அட்டையை வாங்கிப் பார்த்தார். திருப்பித் தரவில்லை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு எங்களில் நான்கு பேரைத் தனித்தனியாக மரத்தடிக்கு அழைத்து ஒரே கேள்வி கேட்டார். இந்தத் துணி எதற்கு? மேடத்துக்கு நான் மொழிபெயர்த்தேன். கேட்டு முடித்து எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தார்.

"பெரியவர் நிழலுக்குங்கறார். இவன் வெளிச்சத்துக்குங்கறான். அந்தம்மா முகத்துக்குங்கறாங்க. கூட வந்த அதிகாரி, நான் வரும்போதே கட்டியிருந்துச்சுங்கறார். நாலு பேர், நாலு பதில். ஒரு துணிக்கு எதுக்கு இத்தனை காரணம்?"

ஊ மியா வழக்கம்போல யாருக்கும் கெடுதல் வராத பதிலைச் சொல்லியிருக்கிறார். ஊ சோ தனக்குக் கெடுதல் வராத பதிலைச் சொல்லியிருக்கிறார். ஒரு வார்த்தை "படத்துக்கு" என்று எல்லோரும் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். பயந்து பயந்து பேசி எங்களுக்கு அந்தப் பழக்கம் போய்விட்டிருந்தது.

"கழட்டு" என்றார் நீலச் சட்டைக்காரர்.

கழற்றினேன். தூண் மறுபடி இருண்டது. மேடம் அந்த இருட்டில் கையை வைத்தபடி நின்றார். "மிஸ்டர் சலீம், மதியத்துக்கு எவ்வளவு நேரம் இருக்கு?" என்று மட்டும் கேட்டார். அழுதிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் நீலச் சட்டைக்காரரிடம் கேட்டேன். "ஐயா, நிமிர்த்தித்தானே வைக்கக் கூடாது? தரையில விரிச்சா?"

"தரையில விரிச்சா யாரு வாசிப்பா?" என்றார். பிறகு அவரே யோசித்தார். வாசிக்க ஆளில்லாத இடத்தில் எழுதி என்ன பயன் என்று நினைத்திருக்க வேண்டும். "என் கண்ணு முன்னாலயே பண்ணு. யாரும் அதை மிதிக்கவோ தூக்கவோ கூடாது."

கழிகளை அவருடைய மோட்டார் சைக்கிளில் சாத்தி வைத்துவிட்டு, தூண்களுக்கு நடுவே வெயில் விழும் கல்தரையில் துணியை விரித்தேன். ஊ மியா என் காதருகே வந்தார். "கீழேயிருந்து வர்ற வெளிச்சம் பேய்ப் படத்துக்குத்தான்" என்றார். எனக்கும் அது தெரியும். ஆனால் ஒற்றை விளக்கைக் கீழே வைத்தால்தான் பேய். இது அகலத் துணி. குளத்தோரம் உட்கார்ந்திருப்பவர் முகத்தில் ஒரு வெளிச்சம் ஏறுமே, அந்த மாதிரி. மேடம் முட்டி போட்டார். வெளிச்சம் தாடையில் தொடங்கி, கன்னத்துக்குப் போய், கண்ணுக்குள் போனது. குவேசி கேமராவை ஓட்டினார். மேடம் எழுத்து எழுத்தாகத் தடவினார். உதடு அசைந்தது. ஒரே தடவைதான் எடுத்தோம்.

ஆனால் கண்டம் அதோடு தீரவில்லை. குவேசி பிலிமை இறக்குவதற்காகக் கறுப்புப் பைக்குள் இரண்டு கையையும் விட்டார். வெளிச்சம் படாமல் பிலிமை டப்பாவில் மாற்றுகிற பை அது. ஜிப் போட்டு மூடி, கையைத் துளை வழியாக விட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு தடவித் தடவிச் செய்வார்கள்.

நீலச் சட்டைக்காரர் பாய்ந்து வந்தார். "உள்ளே என்ன பண்றான்? பையைத் திற."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். குவேசி தலையை மட்டும் ஆட்டினார், கை உள்ளேயே இருந்தது. மேடம் எழுந்து வந்து பையின் மேல் தன் இரண்டு கையையும் வைத்தார். திறந்தால் இவ்வளவு தூரம் வந்தது எல்லாம் அந்த வெயிலில் ஒரு நொடியில் வெளுத்துப்போகும். மறுபடி எடுக்க நேரமும் இல்லை, அனுமதியும் இல்லை. நீலச் சட்டைக்காரர் ஜிப்பைப் பிடித்துவிட்டார்.

அப்போது ஊ மியா பேசினார். அவர் ஒரே நேரத்தில் அத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

"திறங்க தம்பி. நீங்க திறந்தா உள்ளே இருக்கறது அழிஞ்சுடும். நாளைக்கு உங்க மேலதிகாரி, அதுல என்ன இருந்துச்சுன்னு கேப்பார். ஒண்ணுமில்லைன்னு நீங்க சொல்வீங்க. அப்போ எதுக்கு அழிச்சேன்னு கேப்பார். யாரைக் காப்பாத்த அழிச்சேன்னு கேப்பார். எங்ககிட்ட நாலு பதில் இருந்துச்சு. உங்ககிட்ட என்ன இருக்கு?"

நீலச் சட்டைக்காரர் ஜிப்பை விடவில்லை, இழுக்கவும் இல்லை. கூட வந்த இன்னொரு மோட்டார் சைக்கிள்காரரைத் திரும்பிப் பார்த்தார். அவர் இவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்குப் பிறகுதான் ஜிப்பிலிருந்து விரல் எடுபட்டது.

"இங்கேயே கழுவணும். நான் பாக்கணும். அதுவரைக்கும் டப்பா என்கிட்ட இருக்கும்" என்றார். டப்பாவுக்கு ஒட்டு போட்டு, ஒட்டின் மேல் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். என் அட்டை அவர் பையில்தான் இருந்தது.

முடிவைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் பதற வேண்டாம். படம் அழியாமல் மேடத்தோடு கானாவுக்குப் போனது. ஓரத்தில் மோட்டார் சைக்கிள் சக்கரம் தெரிந்த ஒரு துண்டை மட்டும் வெட்டச் சொன்னார்கள். என் அட்டையும் வந்தது. ஆனால் நான் சொல்ல வந்தது அந்த அறையில் நடந்தது.

லேபின் சின்ன அறை. நீலச் சட்டைக்காரர், அவருடைய மேலதிகாரி, தணிக்கைப் பெரியவர் ஒருவர், ஊ சோ. பின் வரிசையில் மேடம், குவேசி, ஊ மியா. மொழிபெயர்க்க நான். விளக்கை அணைத்தார்கள்.

சத்தமில்லாத படம், புரொஜெக்டரின் கடகடப்பு மட்டும். திரையில் மேடத்தின் முகம் வந்தது. முழு முகம். புருவத்துக்கு மேல் ஒரு பழைய தழும்பு இருந்தது. இத்தனை நாள் பக்கத்தில் இருந்தும் நான் அதைக் கவனித்ததில்லை. கீழ் இமையில் தண்ணீர் சேர்ந்து, விழாமல் நின்றது. உதடு அசைந்தது. முடிந்தது.

"திரும்ப ஓட்டு" என்றார் மேலதிகாரி. ஓட்டினார்கள். முன்னால் சாய்ந்து பார்த்தார். "வாய் அசையுதே. என்ன சொல்றாங்க?"

நான் கேட்டேன். மேடம் இருட்டிலிருந்து சொன்னார்: "என் பேரைச் சொன்னேன். அவர் கிளம்பும்போது நான் பிறக்கல. எங்க ஊர்ல பிறந்த கிழமையை வெச்சுத்தான் பேர். நான் எந்தக் கிழமைன்னு அவருக்குத் தெரியாது."

இதை நான் பர்மிய மொழியில் சொன்னதும் அறையில் ஒரு சின்ன அசைவு. இங்கேயும் கிழமை பார்த்துத்தானே பெயர் வைக்கிறார்கள்.

"எந்தக் கிழமை?" என்று நீலச் சட்டைக்காரர் கேட்டார்.

"வெள்ளி."

"அந்தப் பேரை ஒரு தடவை சொல்லச் சொல்லு."

"எஃபுவா" என்றார் மேடம்.

"திரும்ப ஓட்டு." இந்த முறை உதட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தார்கள். நீலச் சட்டைக்காரர் எழுந்து திரைக்குப் பக்கத்திலேயே போய் நின்றார். மேடத்தின் கன்னம் அவரைவிட உயரமாக இருந்தது. ஒத்துப்போனது. ஆனாலும் அவருக்குத் திருப்தி இல்லை. கண்ணில் ஏதாவது இருக்கும், புருவத்தில் ஏதாவது இருக்கும் என்று தேடினார். "இன்னொரு தடவை" என்றார்.

மேடம் என் பக்கம் சாய்ந்தார். "நான் நடிக்க வந்த நாள்லேருந்து என் முகத்தை யாரும் இவ்வளவு கவனமாப் பாத்ததில்ல, மிஸ்டர் சலீம். எனக்கு அவசரமே இல்லைன்னு சொல்லுங்க."

முதல் பாதியை எனக்குள் வைத்துக்கொண்டு, "மேடத்துக்கு அவசரமே இல்லையாம்" என்று மட்டும் சொன்னேன்.

நீலச் சட்டைக்காரர் திரும்பினார். திரை வெளிச்சம் அவர் முதுகில் விழுந்தது, முகம் தெரியவில்லை.

"ஏன் அவசரமில்லை?" என்று கேட்டார்.